பனிப்பாலைக்குத் தனியே கிளம்பும் தம்பி, தங்கைகளுக்கு



தாம்பரம், செலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம், வண்டலூர் பக்கம் இருந்துகொண்டு, வரும் மார்கழியிலோ தையிலோ லடாக்குக்கும் ஹிமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிக்கும் முதுகில் ஒரு பையோடு தனியாகப் போகத் திட்டம் போட்டிருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல். கிறிஸ்துமஸ் விடுமுறையோடு நாலு நாள் லீவு சேர்த்துக்கொள்வது, மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி டெல்லி வழியாக லடாக்கின் லே நகரில் இறங்குவது, இறங்கியதும் நடக்கத் தொடங்குவது என்றுதான் உங்களில் பலர் கணக்குப் போடுகிறீர்கள். கையில் இருக்கும் காசுக்கும் நாளுக்கும் அந்தக் கணக்கு சரியாக வரலாம். மலைக்கு அது சரிப்பட்டு வராது.

உங்களைத் தடுக்க இதை எழுதவில்லை. அந்த மலைகளைப் பனிக்காலத்தில் பார்த்தவர் எவரும் இன்னொருவரைப் போகாதே என்று சொல்ல மாட்டார். நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் முதல் குளிர்காலத்தில் தனியாகப் போகாதீர்கள். தனியாக நடக்கும் தகுதியை ஓரிரு வருடம் எடுத்துப் படிப்படியாகச் சம்பாதித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இடம் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலையிலிருந்து 24 மணி நேரத்தில் நம் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. லே நகரில் ஒரு வருடம் முழுக்க விழும் மழை, பனி எல்லாம் சேர்ந்தாலே சுமார் 10 சென்டிமீட்டர்தான். நமக்கு ஒரே நாளில் பெய்தது அவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து வருடத் தண்ணீர். தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தை இமயமலையின் தெற்குச் சரிவுகளே வாங்கிக்கொள்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் போகும் காற்றில் மிச்சம் எதுவும் இருப்பதில்லை. அதனால்தான் பனி படர்ந்து கிடந்தாலும் அது பாலைவனம். ஜனவரி இரவுகளில் லேயில் மைனஸ் 15 டிகிரி சாதாரணம். லடாக்கின் இன்னொரு ஊரான திராஸில் அதற்கும் கீழே போகும்.

அந்தக் குளிரில் அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள். நிறைய இருக்கிறது. கோடையில் மலை உச்சிகளில் திரியும் ஐபெக்ஸ் காட்டாடுகளும் நீலச் செம்மறிகளும் பனிக்காலத்தில் கீழே இறங்கும். அவற்றின் பின்னால் பனிச்சிறுத்தையும் இறங்கும். 2024 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருக்கின்றன. அவற்றில் 477 லடாக்கில். ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பாக், ஸ்பிட்டியில் 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிப்பர் போன்ற கிராமங்களில் வீட்டு மொட்டை மாடியில் நின்றே எதிர்ச் சரிவில் பனிச்சிறுத்தையைப் பார்த்தவர்கள் உண்டு. காற்றில் ஈரமே இல்லாததால் இரவு வானம் அப்படித் தெளிந்திருக்கும். லடாக்கியரின் புத்தாண்டான லோசாரும் இந்தக் குளிரில்தான் வருகிறது. இதையெல்லாம் பார்க்க ஆசைப்படுவதில் தவறே இல்லை. உங்கள் ஆசையை நான் மதிக்கிறேன். அதனால்தான் எதை முதலில் கற்க வேண்டும் என்று சொல்கிறேன்.

மூச்சிலிருந்து தொடங்குகிறேன். நுரையீரலின் அருமை நம் ஊருக்குத் தெரியும். 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம்தான் இன்று ஒரு ரயில் நிலையத்துக்கே பெயராக நிற்கிறது. கடல் மட்டத்தை ஒட்டிய இந்தக் காற்றிலேயே வளர்ந்த உடம்பு நம்முடையது. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் இங்கே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. இன்று காலை தாம்பரத்தில் காபி குடித்தவர் நாளை காலை அங்கே நின்றால், உடம்பு பழகிக்கொள்ள அவகாசமே இல்லை.

நன்றாக ஓடுகிறேன், ஜிம்முக்குப் போகிறேன் என்று சொல்லாதீர்கள். உயரம் ஏற்படுத்தும் நோய் உடற்கட்டைப் பார்த்து வருவதில்லை. சொல்லப்போனால், பலசாலிகள்தான் வேகமாக ஏறி முதலில் விழுகிறார்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை என்று அது தொடங்கும். அதைப் பொருட்படுத்தாமல் மேலே போனால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் நுரை வருவது, நேராக நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது ஆகியவை தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும். ஆனால் மூளை வீங்கத் தொடங்கியவருக்குத் தான் தள்ளாடுவது தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். தனியாகப் போனவருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

இந்திய ராணுவம் எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். உயரமான இடங்களுக்கு அனுப்பும் வீரர்களை 9,000 முதல் 12,000 அடி வரையிலான உயரத்தில் ஆறு நாள் வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு, அதற்குப் பின் சிறிது சிறிதாக நடை. 12,000 அடிக்கு மேல் இன்னும் நாலு நாள், 15,000 அடிக்கு மேல் மறுபடி நாலு நாள். இளமையும் பயிற்சியும் உள்ள வீரனுக்கே இந்த முறைதான். பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் ஓடிப் பழகியவர்களுக்கும் அங்கே போனால் இதுதான் விதி. அலுவலக நாற்காலியில் வருடம் முழுக்க உட்கார்ந்த நமக்கு ஒரே ஒரு நாள் போதும் என்று எந்த தைரியத்தில் முடிவு செய்கிறோம்?

லேயில் இறங்கினால் முதல் 48 மணி நேரம் அறையைச் சுற்றியே இருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரே உயரத்தில் தங்குங்கள். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை நண்பன் சொன்னான் என்று வாங்கிப் போடாதீர்கள். அது சல்ஃபா வகை மருந்து, அந்த வகை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. கிளம்பும் முன் இங்கேயே ஒரு மருத்துவரைப் பார்த்துக் கேளுங்கள். கோடையில் உடம்பு முடியவில்லை என்றால் ஒரு காரைப் பிடித்து இறங்கிவிடலாம். குளிர்காலத்தில் மணாலி–லே சாலை மூடிக் கிடக்கும், மணாலியிலிருந்து ஸ்பிட்டிக்குப் போகும் குன்சும் கணவாயும் மூடிக் கிடக்கும். பனி கொட்டினால் லேயில் விமானமும் இறங்காது. இறங்க வேண்டிய நேரத்தில் இறங்க வழியிருக்குமா என்ற கேள்வியை ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது குளிர். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உறைந்துவிடும் என்பது மார்கழிக் காலையில் பாட்டிலைத் தட்டிப் பார்க்கும் நமக்குத் தெரியும். நாம் அறிந்த குளிரின் எல்லை அவ்வளவுதான். அங்கே பருத்தி பனியனும் ஜீன்ஸும் எதிரிகள். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நடப்பதை நிறுத்திய சில நிமிடங்களில் அந்த ஈரமே உடம்புச் சூட்டைக் குடித்துவிடும். உடலோடு ஒட்டி கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுப் புகாத ஓர் உறை என்று அடுக்கிக்கொள்ளுங்கள். வியர்க்கும் முன்பே ஒன்றைக் கழற்றுங்கள், குளிரும் முன்பே ஒன்றைப் போடுங்கள். விரல் மரத்து வெளுத்துப்போனால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் உறைந்த திசு கிழியும்.

கூடாரத்தில் ஓர் இரவு எப்படிக் கழியும் என்று சொல்கிறேன். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். பனிக்கட்டி மேல்மட்டத்தில்தான் முதலில் கட்டும் என்பதால், கவிழ்த்து வைத்தால் வாய்ப்பக்கம் உறையாமல் காலையில் குடிக்க முடியும். போன், டார்ச் பேட்டரி, ஈர சாக்ஸ், தண்ணீர் வடிகட்டி எல்லாமே தூக்கப்பைக்குள் உங்களோடு படுக்கும். விடிந்ததும் அடுப்பைப் பற்ற வைத்தால் சாதாரண பியூட்டேன் கேஸ் சிலிண்டர் வேலை செய்யாது. பூஜ்யம் டிகிரியை ஒட்டியே பியூட்டேன் ஆவியாவதை நிறுத்திவிடும். அடுப்பு எரிந்தாலும் அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் பருப்பும் அரிசியும் எளிதில் வேகாது. மரத்துப்போன விரல்களோடு இத்தனையும் ஒருவரே செய்து, பின் ஆறேழு மணி நேரம் நடக்கவும் வேண்டும். இரண்டு பேராக இருந்தால் ஒருவர் பனி உருக்கும்போது இன்னொருவர் கூடாரத்தை மடிப்பார்.

இனி, தனிமையைப் பற்றி. வெளிநாட்டில் தனியாக மலை ஏறுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் தோள்பட்டையில் ஒரு சிறிய சாட்டிலைட் கருவி தொங்கும். ஆபத்து என்றால் பொத்தானை அழுத்துவார்கள், மீட்புக் குழு கிளம்பும். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ, கார்மின் இன்ரீச் போன்ற கருவியோ வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டுவந்து விமான நிலையத்திலேயே பிடிபட்ட வெளிநாட்டவர்கள் உண்டு. உங்கள் செல்போனோ, வெளி மாநில ப்ரீபெய்டு சிம் என்றால் லடாக்கில் வேலையே செய்யாது. போஸ்ட்பெய்டு இருந்தாலும் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விடும். ஆக, கணுக்கால் பிசகி நீங்கள் ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டால் அது யாருக்கும் தெரியாது. இருட்டியபின் உயிர் போக அங்கே ஓர் இரவு போதும்.

தொடர்பு அற்றுப்போவது என்றால் என்ன என்று இந்தப் பகுதிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் புகுந்தபோது கரண்ட் இல்லை, போன் இல்லை, ஏடிஎம் இல்லை. மாடியில் நின்றவர்களைத் தேடி பேரிடர் மீட்புப் படை வந்தது, மீனவர்கள் படகோடு வந்தார்கள், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூப்பிடுகிற தூரத்தில் லட்சக்கணக்கான மனிதர்கள் இருந்ததால்தான் அது நடந்தது. லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்குப் பல மணி நேர நடை. ஒரு கிராமத்தில் சில வீடுகள்தான். உங்களைத் தேடி யாராவது வருவதென்றால் அந்தச் சில வீட்டுக்காரர்கள்தான் வர வேண்டும்.

ஸ்பிட்டியில் நான் தங்கிய ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர்காலம் வந்தால் குடும்பம் முழுக்க ஒரே அறைக்குள் வந்துவிடும். நடுவில் தகர அடுப்பு. அதில் எரிவது கோடை முழுக்க அவர்கள் பொறுக்கிக் காயவைத்த சாணமும் முட்செடியும். வீட்டு அம்மா விடிகாலையில் முதுகில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போவார். ஓடையில் முந்தின நாள் உடைத்த துளை இரவில் மறுபடி மூடியிருக்கும். இரும்புக் கம்பியால் அதைக் குத்தித் திறந்து, குவளை குவளையாக மொண்டு கேனை நிரப்பி, வழுக்கும் பாதையில் ஏறி வருவார். அந்தத் தண்ணீரில்தான் எனக்கு உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீர் வந்தது. முகம் கழுவ வெந்நீர் வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். ஒரு குவளை தண்ணீரின் விலை அந்த முதுகைப் பார்த்தவருக்குத் தெரியும்.

நாம் அங்கே தனியாகப் போவதாகச் சொல்லிக்கொள்ளும்போது, உண்மையில் இவர்கள் ஆறு மாதத்துக்குச் சேர்த்து வைத்த விறகின்மேலும் மாவின்மேலும் சாய்ந்துதான் போகிறோம். நமக்கு ஆபத்து என்றால், பனிச்சரிவு அபாயமுள்ள வழியில் உயிரைப் பணயம் வைத்து வரப்போவது இந்த அம்மாவின் பிள்ளைகள். அந்தக் கடனை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்தான் அங்கே போகத் தகுந்தவர். அவர்கள் வீட்டில் காசு கொடுத்துத் தங்குங்கள், அவர்களில் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். ரும்பாக் போன்ற கிராமங்களில் ஹோம்ஸ்டே வருமானம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்கே போகிறது. தங்கைகளுக்கு ஒன்று: லடாக்கின் முதல் பயிற்சி பெற்ற பெண் வழிகாட்டியான தின்லாஸ் சோரோல் 2009இல் லேயில் தொடங்கிய லடாக்கி விமன்ஸ் டிராவல் கம்பெனியில் வழிகாட்டிகள் எல்லோரும் பெண்கள்தான். துணையாக வருபவர் யார் என்ற கவலையில்லாமல் நீங்கள் போகலாம்.

நம் ஊர் ஏற்கெனவே கொடுத்த விலையையும் மறக்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் சென்னையிலிருந்து போன குழுவினர் இருந்தார்கள். 23 உயிர்கள் போயின. அதன்பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 பிப்ரவரியில் ஹிமாச்சலப் பிரதேசத்தின் கின்னோரில் சட்லஜ் ஆற்றை ஒட்டிய சாலையிலிருந்து கார் விழுந்து, ஸ்பிட்டிப் பக்கம் போயிருந்த சென்னைத் திரைப்பட இயக்குநர் ஒருவரும் காரை ஓட்டியவரும் இறந்தார்கள். உறைபனி ஆற்றில் எட்டு நாள் தேடிய பின்தான் இயக்குநரின் உடல் கிடைத்தது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த 10 வீரர்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அவர்களில் நாலு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். பழகிய வீரர்களையே பனி விட்டுவைக்கவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? இந்த வருடம் இங்கேயே தொடங்குங்கள். 12 கிலோ பையை முதுகில் மாட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றத்தின் ஐந்நூற்றுச் சொச்சம் படிகளை ஞாயிறுதோறும் ஏறி இறங்குங்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் இருக்கிறது. பழங்குடி மக்கள் வழிகாட்டியாக வருகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகள் நமக்குப் பக்கம். காட்டை அறிந்தவர் பின்னால் எப்படி நடப்பது என்று அங்கே பழகுங்கள். அடுத்த ஆகஸ்ட், செப்டம்பரில் லடாக் போய், உயரத்தில் உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். முடிந்தால் டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமயமலை மலையேற்ற நிறுவனத்திலோ, உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனத்திலோ அடிப்படைப் பயிற்சி எடுங்கள். ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலம்தான். கோவளம் கடற்கரையில் அலைச்சறுக்கு சொல்லித்தந்த ராஜசேகர் பச்சை 2023 மே மாதத்தில் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். கடலோரத்தில் பிறந்த நமக்கு மலை எட்டாது என்பது பொய். பயிற்சியும், மலை தெரிந்தவர் துணையும் இருந்தால் எட்டும்.

அதன்பின் வரும் குளிர்காலத்தில் ஒரு கிராமத்து வழிகாட்டியோடு போங்கள். அவர் எங்கே நிற்கிறார், எந்தச் சரிவைப் பார்த்ததும் வழியை மாற்றுகிறார், உறைந்த ஓடையைக் கோலால் தட்டி எந்த ஓசைக்குத் திரும்பிவிடுகிறார் என்று கவனியுங்கள். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிச்சரிவு பெரும்பாலும் புறப்படும். புதுப்பனி விழுந்த அடுத்த ஓரிரு நாள் மிக ஆபத்து. சண்டிகரில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனமான டிஜிஆர்இ பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைப் படிக்கப் பழகுங்கள். இவ்வளவும் ஆனபின், வழிகாட்டியோடு நடந்த அதே பாதையில், கணவாய் எதையும் தாண்டாமல், கிராமத்துக்குக் கிராமம் தனியாக நடங்கள். அப்போது உங்கள் தனிமைக்கு ஓர் அர்த்தம் இருக்கும்.

எப்போது போனாலும் வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அலுவலக டூர் என்று சொல்லி மலைக்குப் போனவரை எங்கே போய்த் தேடுவது? எந்த நாள் எந்த ஊரில் தங்குவீர்கள், எந்த நேரத்துக்குள் போன் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒரு பிரதி, அங்கே தங்கும் வீட்டில் ஒரு பிரதி கொடுங்கள். திரும்பும் டிக்கெட்டுக்கு மூன்று, நான்கு நாள் உபரி வையுங்கள். திங்கட்கிழமை ஆபீஸ் போயாக வேண்டும் என்ற அவசரம்தான் பலரைத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவிடாமல் தள்ளுகிறது. படுக்கும் அறையில் புகாரி எனப்படும் தகர அடுப்போ கரி அடுப்போ எரிந்தால், புகை வெளியே போகிறதா, ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கடைசியாக, ஏற்கெனவே போய் வந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் போடும் போட்டோவைப் பார்த்துத்தான் அடுத்த தம்பி கிளம்புகிறான். பனியில் தனியாக நிற்கும் படத்தோடு மற்றதையும் எழுதுங்கள். லேயில் எத்தனை நாள் ஓய்வெடுத்தீர்கள், எங்கே திரும்பி வந்தீர்கள், யார் வீட்டில் சாப்பிட்டீர்கள், உங்களுக்கு யார் தண்ணீர் சுமந்தார்கள், அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்று எழுதுங்கள். அந்த நாலு வரி ஓர் உயிரைக் காப்பாற்றலாம். கிளம்பப்போகிற தம்பிகளே, தங்கைகளே, இந்தக் குளிர்காலத்துக்கு எடுத்த ஒற்றை டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, அடுத்த கோடைக்கு ஒன்று எடுங்கள். துணை வேண்டுமென்றால் இந்த ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள், கேளுங்கள்.

அன்புடன்,
கிழக்குத் தாம்பரத்திலிருந்து உங்கள் அண்ணன்